திருவலைக்குப் பக்கத்தில் ஒரு போன்

அம்மாவின் குசினி றேடியோ போன மாதம் மூச்சை விட்டுவிட்டது. திருத்தக் கொண்டுபோன கடையில், "இதுக்கு இனிச் சாமான் எடுக்கேலாது தம்பி, புதுசா ஒண்டை வாங்கிக் குடுங்கோ" என்றார்கள். சொன்னபடி வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. திரை வெடித்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று சிம் இல்லாமல் வீட்டில் சும்மா கிடந்தது, 4ஜி ரவுட்டரும் இருக்கிறது, அதையே றேடியோ ஆக்கினால் என்ன என்று தோன்றிவிட்டது. மூன்று கிழமையாக ஒவ்வொரு செயலியாகப் போட்டுப் போட்டு அழித்ததில் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எல்லாரும் நினைப்பது ஸ்பொட்டிஃபைதான். அது இலங்கைக்கு 2021இலேயே வந்துவிட்டது. அதிலும் 'றேடியோ' என்று ஒன்று உண்டு, ஆனால் அது ஒரு பாட்டைப் பிடித்து அதைப்போல வேறு பாட்டுகளைக் கோத்துத் தருகிற பட்டியல், அவ்வளவுதான். அம்மாவுக்கு நேரம் சொல்ல ஆள் வேண்டும், செய்தி வேண்டும், முக்கியமாக மரண அறிவித்தல் வேண்டும். ஆர் செத்தது என்று தெரியாமல் பாட்டு மட்டும் கேட்டு என்ன செய்வது என்பது அவவின் கட்சி.

ரேடியோ கார்டன் என்கிற செயலி பார்க்க அழகு. நெதர்லாந்தில் 2016இல் தொடங்கியது. பூமி உருண்டையை விரலால் உருட்டி, பச்சைப் புள்ளி ஒன்றில் நிறுத்தினால் அந்த ஊர் வானொலி பாடும். நான் இரவிரவாக உருட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவோ தேங்காய்ப்பூ ஒட்டின விரலால் கொழும்பைத் தேடிப்போய் நடுக்கடலில் நின்றா. டியூன்இன் அவவுக்குக் கொஞ்சம் வசதி, பெயரைத் தேடினால் போதும், பிடித்ததைச் சேமித்தும் வைக்கலாம். இலவசமாகக் கேட்டால் விளம்பரமும் சேர்ந்து வரும், அதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

லண்டனில் இருக்கும் மச்சாள் இந்த இரண்டையும் பற்றிக் கேட்டவுடனேயே கையை விரித்துவிட்டா. பாட்டுக் கம்பனிகள் டியூன்இன் மேல் வழக்குப் போட்டு 2019இல் தீர்ப்பு வந்தபிறகு, பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு அதில் வெளிநாட்டு இசை வானொலிகள் அடைபட்டுவிட்டன; 2022இல் ரேடியோ கார்டனும் அங்கே உள்நாட்டு நிலையங்களோடு நின்றுவிட்டது. ஊர் வானொலி கேட்க ஆசைப்படுகிற எங்கட சனத்துக்குத்தான் முதல் அடி. இப்போது அவ வானொலிக்காரரின் சொந்தத் தளத்துக்குப் போய்த்தான் கேட்கிறா.

இங்கே எங்களுக்குப் பிரச்சினை சட்டம் இல்லை, டேட்டா. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) வேகத்தில் இணையத்தில் வரும் ஒலி ஓடை ஒன்று மணிக்கு ஏறக்குறைய 58 எம்பி குடிக்கும். அம்மா விடிய 5 மணிக்குப் போட்டால் நாளுக்கு 8 மணித்தியாலமாவது ஓடும், அப்படியென்றால் மாதம் 14 ஜிபி. அதுவே 32 கேபிபிஎஸ் என்றால் மூன்றரை ஜிபிதான். அந்தக் குறைந்த வேகத்தில் பழைய எம்பி3 தகரத்தில் தட்டினமாதிரிக் கேட்கும், ஏஏசி பிளஸ் என்கிற ஒலிச் சுருக்க முறையில் வருவது குசினிக்குத் தாராளம். மிளகாய் தாளிக்கிற சத்தத்துக்குள்ளே ஆர் தரம் பார்க்கப்போகிறார்கள்?

தரம் பார்க்க ஆசைப்பட்டது நான்தான். கலிபோர்னியாவில் ஒரு தம்பதி 2000இல் தொடங்கிய ரேடியோ பாரடைஸ், விளம்பரம் இல்லை, கேட்பவர்கள் கொடுக்கிற காசில் நடக்கிறது, மனிதரே பாட்டைத் தெரிவுசெய்கிறார், ஒலியில் ஒன்றும் குறையாத ஃப்ளாக் தரத்திலும் தருகிறார்கள். ஹெட்செட்டைக் கொழுவிக்கொண்டு அந்த ஃப்ளாக்கில் கேட்டபடியே நித்திரையாகிவிட்டேன். விடிய எழும்பினால் டேட்டா பெரும்பாலும் காலி. பிழை முழுக்க என்னுடையதுதான், அதுக்காக அம்மாவிடம் வாங்கின பேச்சை இங்கே எழுத முடியாது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சோமா எஃப்எம்மும் இதே வகைதான், அதில் 32 கேபிபிஎஸ் ஓடையும் உண்டு. வேலை செய்யும்போது இப்போது எனக்கு அதுதான்.

அம்மாவின் போனில் கடைசியில் நிலைத்தது ரேடியோடிராய்ட். ஆடம்பரம் ஒன்றுமில்லாத திறமூலச் செயலி, ஆர்வலர்கள் சேர்ந்து நிரப்பும் ரேடியோ பிரவுசர் என்கிற பொதுப் பட்டியலிலிருந்து நிலையங்களை எடுக்கிறது. எனக்குப் பிடித்த விஷயம், நிலையத்தின் பெயரோடு எத்தனை கேபிபிஎஸ் என்றும் காட்டிவிடும், பார்த்துத் தெரிவுசெய்யலாம். தானாக நிற்க நேரமும் வைக்கலாம் (இது முன்னமே தெரிந்திருந்தால்!). பட்டியலில் இல்லாத வானொலி என்றால் ஓடை முகவரியைக் கண்டுபிடித்து விஎல்சி பிளேயரில் ஒட்டினாலே பாடும். திருச்சி வானொலியை அம்மா மத்திய அலை 936இல் இரைச்சலோடுதான் இவ்வளவு காலமும் கேட்டா. இந்திய வானொலிக்காரரின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் அதைத் துப்புரவாகக் கேட்டுவிட்டு, "இதென்ன, பக்கத்து அறையில இருந்து கதைக்கிறமாதிரி" என்றா.

இரண்டு முறைப்பாடு மட்டும் தீரவில்லை. ஒன்று, பக்கத்து வீட்டு எஃப்எம்மில் ஒரு பாட்டு தொடங்கி அரை நிமிசம் கழித்துத்தான் எங்கள் வீட்டில் அதே பாட்டு தொடங்கும். இணையத்தில் ஓடையைச் சேர்த்து வைத்துத்தான் அனுப்புவார்கள் அம்மா என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப அவையளுக்கு ஆறு மணி, எனக்கு இன்னும் ஆகேல்லையோ?"

மற்றது கரண்ட். போன செவ்வாய் பின்னேரம் கரண்ட் நின்றது, ரவுட்டரும் நின்றது, போனில் 80 வீதம் சார்ஜ் இருந்தும் ஒரு சத்தமில்லை. கரண்டே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுத்தி டைனமோவில் செய்தி கேட்ட மனுசி, தேங்காய் துருவுகிற திருவலையில் இருந்தபடியே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"தம்பி, இதுக்கு எங்கயடா பெடல்?"

நாளைக்குப் பற்றறி போடுகிற சின்ன எஃப்எம் றேடியோ ஒன்று விலை கேட்கப் போகிறேன்.