சுழியமா, ‘ஓ’ எழுத்தா?

என் வேலை நாள் காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் அப்போது முந்தைய நாளின் மாலை ஆறு மணி, துப்பாக்கிக் கடைகள் கதவடைக்கும் நேரம். கோலாலம்பூரின் பங்சார் சவுத்தில் உள்ள எங்கள் அலுவலகம், உரிமம் பெற்ற அத்தகைய கடைகள் சிலவற்றின் பதிவேடுகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறது. ஆவணங்கள் அமெரிக்காவிலுள்ள கணினிகளிலேயே இருக்கின்றன. அவற்றை எங்கள் திரையில் பார்த்து, பிழை தென்பட்டால் கடைக்காரருக்குத் தெரிவிப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. துப்பாக்கியைக் கையால் தொட்டதே இல்லாத நான் பல ஆயிரம் துப்பாக்கிகளின் வரிசை எண்களைப் படித்திருக்கிறேன் என்று சொன்னால், செந்தூலில் இருக்கும் உறவினர்கள் சிரிக்கிறார்கள்.

அப்பா மட்டும் சிரிப்பதில்லை. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு நகைக்கடை வாசலில் பல ஆண்டுகள் ஷாட்கன் ஏந்தி ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தவர் அவர். மாலையில் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆயுத அறைக்குத் திரும்பி, தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பித்தளை அடிப்பகுதி மேசையில் பட நிற்கவைத்து எண்ணிக் காட்டி, துப்பாக்கியை ஒப்படைத்து, புத்தகத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் பேருந்து ஏறுவார். “தோட்டா ஒண்ணு குறைஞ்சா அன்னிக்கு யாருக்கும் வீடு இல்லம்மா” என்பார். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971இல் வந்த சுடும் ஆயுதக் கூடுதல் தண்டனைச் சட்டமும் நடப்பிலுள்ள நம் மலேசியாவில், உரிமத்தோடு துப்பாக்கி தூக்குபவருக்கும் அந்த அச்சம் தானாக வந்துவிடுகிறது. அமெரிக்காவில் துப்பாக்கி மலிந்து கிடப்பதால் கணக்கும் தளர்வாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு இந்த வேலையில் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே அந்த எண்ணம் கலைந்தது.

அங்கே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற வணிகர் ஒவ்வொரு துப்பாக்கியின் வரவையும் போக்கையும் பதிவேட்டில் காட்ட வேண்டும். கடைக்குள் வந்த துப்பாக்கி, அடுத்த வேலை நாள் முடிவதற்குள் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், வகை, கேலிபர், கொடுத்தவர் ஆகிய விவரங்களுடன் அதில் ஏறியிருக்க வேண்டும்; விற்றதை ஏழு நாள்களுக்குள் எழுத வேண்டும். மது, புகையிலை, சுடும் ஆயுதம், வெடிபொருள் ஆகியவற்றைக் கவனிக்கும், ஏடிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டரசுப் பணியகத்தின் ஆய்வாளர்கள், பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, நீதிமன்ற ஆணையோ முன்னறிவிப்போ இல்லாமல் கடைக்கு வந்து இந்தக் கணக்கைப் பார்க்கலாம். துப்பாக்கிக் கடையை ஆராய வரும் அவர்கள் இடுப்பில் துப்பாக்கி இருக்காது என்பது எனக்கு இன்றும் வியப்பு. நடைமுறையில் பல கடைகளுக்கு ஆண்டுக்கணக்கில் யாரும் வருவதில்லை. அதுதான் ஆபத்து, வராத ஆய்வாளரை நம்பியே பல பதிவேடுகள் கெட்டுப்போகின்றன.

நான் கெடுத்தது ஒரே ஓர் எழுத்தை. சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு கடையின் பதிவை இன்வாய்ஸோடு ஒப்பிட்டு ‘சரி’ என்று குறித்திருந்தேன். சில மாதங்கள் கழித்து அக்கடைக்கு ஆய்வு வந்தது. டெக்சஸில் காலை பத்தரை, எனக்கு இரவு பதினொன்றரை. தூங்கப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஆய்வாளர் ரேக்கிலிருந்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணை வாசிக்க, கடை ஊழியர் பதிவேட்டில் அதைத் தேடி அடையாளமிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். முடிவில், பதிவேட்டில் இருக்கும் ஒரு கைத்துப்பாக்கி ரேக்கில் இல்லை. ரேக்கில் இருக்கும் ஒன்று பதிவேட்டில் இல்லை. காணாமற்போனதாக முடிவானால், கண்டறிந்த 48 மணி நேரத்திற்குள் ஏடிஎஃப்புக்கும் உள்ளூர்க் காவல் துறைக்கும் தெரிவித்தாக வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இரண்டும் ஒரே துப்பாக்கி என்று தெரியவந்தது. இரும்பில் பொறித்திருந்தது சுழியம். இன்வாய்ஸில் அச்சாகியிருந்தது ‘ஓ’ எழுத்து. தாளுக்குத் தாள் ஒத்துப்போனதால் நானும் திருப்தியடைந்திருந்தேன். ஒரு பிழை இரண்டு குற்றங்களாகக் கணக்கில் நின்றதை அன்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு, எண்ணை இன்வாய்ஸிலிருந்தோ பெட்டியின் லேபிளிலிருந்தோ எடுக்காமல் துப்பாக்கியின் உடலிலிருந்தே வாசித்து எழுதும்படி எல்லாக் கடைகளையும் நச்சரித்து வருகிறேன். சுழியமும் ‘ஓ’வும், ஒன்றும் ‘ஐ’யும், ஐந்தும் ‘எஸ்’ஸும், எட்டும் ‘பி’யும் வந்தால் இன்னொருவர் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பதிவேட்டிலிருந்து ரேக்குக்குப் போய்ப் பார்ப்பதோடு நில்லாமல், ரேக்கிலிருந்து பதிவேட்டுக்கும் வர வேண்டும். முதல் வழியில் மட்டும் பார்த்தால் எழுதாமல் விட்ட துப்பாக்கி ஒருபோதும் அகப்படாது. அப்படித் தப்புபவை பெரும்பாலும் பழுதுபார்க்க வந்தவை. வாடிக்கையாளர் காத்திருந்து அன்றே வாங்கிப் போனால் பதிவு தேவையில்லை, ஓர் இரவு தங்கினாலும் தேவை. “நாளைக்குக் கொடுத்துவிடுவோம்” என்று பட்டறை மேசையின் கீழ் வைத்த துப்பாக்கி மூன்று வாரம் அங்கேயே கிடந்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

வாங்குபவர் நிரப்பும் 4473 எண் படிவத்தில் நடக்கும் பிழைகள் வேறு வகை. முகவரியில் கவுண்டி என்றொரு கட்டம் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் போல. அவசரத்தில் அதை ‘கன்ட்ரி’, அதாவது நாடு, என்று வாசித்து ‘யுஎஸ்ஏ’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். துப்பாக்கி கைமாறிய பிறகு இதைக் கண்டுபிடித்தால், மூலப் படிவத்தில் பேனா வைக்கக் கூடாது. நகலெடுத்து, அந்த நகலில் திருத்தி, திருத்தியவர் சுருக்கொப்பமும் தேதியும் இட்டு, மூலத்தோடு இணைக்க வேண்டும். வாங்குபவர் நிரப்பிய பகுதியை வாங்குபவர்தான் திருத்த வேண்டும், கடைக்காரர் தொடக் கூடாது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆய்வாளர் வருவதற்கு முன்பே தேதியிட்டுத் திருத்திய படிவம் கடையின் கவனத்திற்குச் சாட்சி, வெள்ளை மை தடவிய படிவம் வேறொன்றுக்குச் சாட்சி.

உரிமம் பறிபோவது வேண்டுமென்றே செய்த மீறல்களுக்கு. ஆனால் ‘விதி தெரியாது’ என்று சொல்வது கடினம். உரிமம் தருவதற்கு முன்னரே ஆய்வாளர் விதிகளை விளக்கி, விளங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுகிறார். விதி மீறிய கடைகளின் உரிமத்தைப் பறிப்பதில் ஏடிஎஃப் 2021இல் கொண்டுவந்த கடுமையான நடவடிக்கைக் கொள்கை 2025இல் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகு, சில கடைகளில் பேச்சின் தொனியே மாறியது. கொள்கைதான் போனது, பதிவேடு பற்றிய சட்டம் போகவில்லை என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. முன்பு 20 ஆண்டுகள் கழித்து அழிக்க முடிந்த படிவங்களை, 2022இல் வந்த விதிக்குப் பின் கடை நடக்கும் வரை வைத்திருக்க வேண்டும். குற்றத்தில் சிக்கிய துப்பாக்கி ஒன்று யாருக்கு விற்கப்பட்டது என்று ஏடிஎஃப் கேட்டால் 24 மணி நேரத்திற்குள் பதில் போக வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை தாள்களும். அப்போது எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தால் தேடுபவர் தவறான வீட்டின் கதவைத் தட்டுவார், அல்லது எந்தக் கதவையும் தட்ட முடியாது.

இன்று காலை வந்த பன்னிரண்டு பதிவுகளில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். வரிசை எண்ணின் நான்காம் இடத்தில் இருப்பது எட்டா, ‘பி’ எழுத்தா என்று தெரியவில்லை. கடை திறக்கும்போது எனக்கு இரவாகிவிடும். ரேக்கிலிருந்து எடுத்து, விளக்கின் கீழ் பிடித்து வாசித்துச் சொல்லும்படி எழுதிவிட்டேன். நாளை காலை ஏழு மணிக்கு முதலில் திறப்பது அந்தப் பதிவைத்தான்.