பெரிய ளவா, சின்ன லவா?

பிள்ளைகளைத் தோட்ட வேலையில் இறக்கிவிட்டால் பொறுமை வரும் என்றார்கள். யாருக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரியவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 3. முள்ளங்கி போடுவது என்று முடிவு. 4, 5 நாளில் முளைத்துவிடும். அதற்கு மேல் காத்திருக்க வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. அரை அங்குல ஆழத்தில், இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, சின்னவன் ஒரு கைப்பிடி விதையை ஒரே குழியில் கொட்டி, மண்ணைத் தள்ளி, தட்டிக்கொடுத்து, "தூங்கு" என்று சொல்லிவிட்டான்.

முளைக்கிற வரை சும்மா இருக்க வேண்டாமே என்று பெரியவளுக்குக் களை எடுக்கக் கற்றுக்கொடுத்தேன்.

"களைன்னா என்னப்பா?"

"நாம போடாம தானா வர்ற செடி."

அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஓரத்தில் தானாக முளைத்து, நான் ஒரு மாதமாக ஆசையாகப் பார்த்துவந்த தக்காளிச் செடி வேரோடு கிடக்கிறது.

"நீ போட்டியா?"

"இல்ல."

"அப்ப களை."

சட்டம் நான் போட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

5ஆம் நாள் சின்னவன் குழியிலிருந்து, கதவு திறந்த பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டம் மாதிரி நாற்றுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. சில நாள் விட்டு, "இப்ப கலைச்சு விடணும்" என்று உட்கார்ந்தேன்.

"களையா? இது நாம போட்டதுதானே?"

"அந்தக் களை இல்லம்மா, இது கலை. நெருக்கமா இருந்தா கிழங்கு பருக்காது. 3 அங்குலத்துக்கு ஒண்ண விட்டுட்டு மத்ததப் பிடுங்கணும்."

அப்போதுதான் பள்ளியில் லகர ளகரம் படித்திருந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பெரிய ளன்னா கெட்ட செடி, சின்ன லன்னா நல்ல செடி. ரெண்டையும் பிடுங்குவ. அப்படித்தானே?"

இலக்கணம் படித்தவர்கள் யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள்.

"எத விடுவ?"

"வலுவா இருக்கறத."

தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கொஞ்சம் நோஞ்சான். அன்று முழுக்க அவன் கையை அவள் விடவேயில்லை.

பிடுங்கியதையெல்லாம் பொறுக்கி, அடியில் ஓட்டை விழுந்த பக்கெட்டில் மண் நிரப்பி நட்டுவைத்தாள். கிழங்குச் செடியைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபட்டுக் கோணல்மாணலாகும் என்று சொன்னேன். பிடுங்குகிறவன் பேச்சை எவள் கேட்பாள்?

இதற்கிடையில் சின்னவன் ஒரு மண்புழுவைக் கொண்டுவந்து, "நனைஞ்சு போச்சு" என்று என் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்கு மூச்சு விடுவதே ஈரத்தோல் வழியாகத்தான், காய்ந்தால் செத்துப்போகும் என்று சொன்னதும் அலறிக்கொண்டு ஓடிப் பூவாளியில் போட்டான். அங்கிருந்து மீட்டு மண்ணில் விட்டது நான். துண்டு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.

45 நாளில் பாத்தியைப் பிடுங்கினோம். என் முள்ளங்கிகள் அளவெடுத்த மாதிரி நேராக இருந்தன. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கெட்டில் பிழைத்தது ஒன்றே ஒன்று. இரண்டு காலோடு, அதுவும் கால் மேல் கால் போட்டுக்கொண்டு வந்தது. பொம்மையின் கவுனைக் கழற்றி அதற்குப் போட்டார்கள். கத்தியோடு பக்கத்தில் போன என்னை இரண்டு பேரும் பார்த்த பார்வையில் கத்தியே மழுங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் அது வாடியது. திரும்ப மண்ணில் வைத்து, சின்னவன் தட்டிக்கொடுத்து, "தூங்கு" என்றான்.

பத்து நாள் கழித்துப் பெரியவள் கூப்பிட்டாள். உச்சியில் இரண்டு புது இலை.

"இது தானா வந்ததா, நாம போட்டதா?"

களைக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.