மருந்து நெடி ஏறிய சித்தப்பாவும் நொதிப் பரிசோதனையும்

கல்லல் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. போன சம்பாவில் இலைச்சுருட்டுப் புழுவுக்குக் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்து அடித்தார். முகத்தில் துண்டு மட்டும்தான். நடுவில் காற்று திரும்பியும் நிறுத்தவில்லை. வரப்பில் வந்து உட்கார்ந்தவர், "கண்ணு மங்கலா இருக்குடா" என்றார். அப்புறம் வேர்வை, வாந்தி, வாய் நிறைய எச்சில், நெஞ்சில் இறுக்கம்.

உடனே சட்டை வேட்டியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். நனைந்த துணி உடம்பில் இருக்கும்வரை மருந்து தோல் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். 108-ல் ஏற்றும்போது மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டோம். லேபிளைப் பார்த்ததும் காரைக்குடியில் டாக்டருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, குறைந்த நாடி, நெஞ்சில் சளிச் சத்தம் ஆகியவற்றைப் பார்த்தே அட்ரோபின் என்ற முறிமருந்தைத் தொடங்கிவிட்டார்கள்.

விலங்கியல் படித்தவன் என்பதால் எனக்குக் காரணம் தெரியும். நரம்பு, தசைக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலினை விடுகிறது. வேலை முடிந்ததும் அதை உடைப்பது கோலினெஸ்டிரேஸ் என்ற நொதி. குளோர்பைரிபாஸ் வகைப் பூச்சி மருந்து அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு முடக்கிவிடும். மடையை அடைக்க ஆளில்லாத கண்மாய் மாதிரி, செய்தி பாய்ந்துகொண்டே இருக்கும். 1936-ல் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்த வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ரேடரிடம்தான் இதே வகையைச் சேர்ந்த தபுன் என்ற நரம்பு நச்சு பிறந்தது. சாரின் என்ற நச்சும் அதே குடும்பம். சாரின் ஆவியை எலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் செலுத்திய ஆய்வுகளில், ரத்த நொதி பெரிதாகக் குறையும் முன்பே கண்மணி சுருங்கிவிடுகிறது. ஆவி கண்ணில் நேராகப் படுவதே காரணம். எலியின் ரத்தத்தில் நச்சைப் பிடித்துவைக்கும் கார்பாக்சில்எஸ்டிரேஸ் என்ற இன்னொரு நொதியும் உண்டு. மனித ரத்தத்தில் அது இல்லை, அதனால் எலிக்கான அளவை வைத்து மனிதனைக் கணக்கிட முடியாது.

சிவகங்கைக்கு மாற்றிய பிறகுதான் கஷ்டமான கட்டம். நெஞ்சுச் சளி வற்றி நாடி ஏறும்வரை அட்ரோபினைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சித்தப்பா போர்வையைப் பிய்த்துக்கொண்டு, இல்லாத மாட்டை விரட்டினார். சித்தி அழுதுவிட்டார். அட்ரோபின் கூடினால் அப்படிப் பிதற்றுவார்கள் என்று நர்ஸ் சொன்னார், அளவைக் குறைத்ததும் தெளிந்தார். முடங்கிய நொதியை மீட்பதற்காக பிராலிடாக்சிமும் கொடுத்தார்கள். நாளாக ஆகப் பூச்சி மருந்து நொதியோடு இறுகிவிடும், அதன் பிறகு பிராலிடாக்சிமால் பயன் இல்லை.

தெளிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோருக்கும் அவசரம். டாக்டர் விடவில்லை. ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும் ஆபத்து உண்டு, 1987-ல் இலங்கை மருத்துவர்கள் விவரித்த நிலை அது. அதற்காகவே தினமும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சோதனைக்காகவே படுக்கையில் இருந்தது நல்லது.

வீடு திரும்பிய பிறகும் கோலினெஸ்டிரேஸ் அளவுக்கான ரத்தப் பரிசோதனை தொடர்ந்தது. பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியில், இருக்கும் நொதியைக் கல்லீரல் சில வாரங்களில் புதிதாகச் செய்துவிடும். சிவப்பணுவில் இருப்பது அப்படி இல்லை, புது அணு பிறந்துதான் ஈடாக வேண்டும், நாளுக்குச் சுமார் 1 சதவீதம். லேபுக்கு லேப் அளவுகோல் மாறும் என்பதால் ஒரே இடத்தில் எடுத்தோம். "எனக்கு ஒண்ணுமில்லைடா" என்று சித்தப்பா ஸ்பிரேயரைத் தூக்கப் பார்த்தார். உடம்பு தெம்பாக இருந்தாலும் நொதி பாதிதான் திரும்பியிருக்கும், அப்போது சின்ன நெடிகூட ஆளைச் சாய்த்துவிடும் என்று சித்தியிடம் சொன்னேன். சரி என்று ஸ்பிரேயரை எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார்.

அறுவடைக்கு வயலில் இறங்கினார். மருந்து அடிப்பது மட்டும் அடுத்த ரிசல்ட்டைப் பார்த்த பிறகுதான்.