ஆடித் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறீர்களா?

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் நீர்மோர் கொடுக்கும் சங்கத்தார் முதலில் கவனிக்க வேண்டியது ஐஸ். மீனுக்கு வரும் ஐஸ்கட்டியை மோரில் போடவே கூடாது; குடிதண்ணீரில்தான் செய்தது என்று நம்ப முடியாது. அண்டாவைச் சுற்றி வெளியே அடுக்கினாலே மோர் சில்லென்று இருக்கும்.

ஆளுக்கு 200 மில்லி என்றால் 1,000 பேருக்கு 200 லிட்டர்: தயிர் 40, கேன் தண்ணீர் 160, உப்பு 1 கிலோ. மொத்தமாகக் கரைத்தால் வெயிலில் புளித்துவிடும். 50 லிட்டராகக் கரையுங்கள்.

தெருமுனையில் பந்தல் வேண்டாம், கூட்டம் முட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் வெளியேறட்டும். குப்பைத்தொட்டி போகிற வழியில், பத்தடி தள்ளி. சிந்திய மோர் பயங்கரமாக வழுக்கும். ஒரு சட்டி மணல் கைவசம் இருக்கட்டும். 108 வண்டி நுழைய வழி விடுங்கள்.