பற்களின் கடியும் உடலின் சமநிலையும்

கழுத்துவலிக்கும் முதுகுவலிக்கும் பற்களின் கடியே, அதாவது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று பொருந்தும் விதமே, காரணம் என்றும், கடியைச் சரிசெய்துவிட்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும் என்றும் சொல்லும் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் ஓரளவு உண்மை கலந்திருப்பதால்தான் வலியோடு இருப்பவர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். அந்த உண்மையின் அளவு என்ன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பல்லுக்கும் தாடையெலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. சோற்றில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் கடித்த கணமே நமக்குத் தெரிந்துவிடுவதற்கு அந்தத் திசுவில் உள்ள அழுத்த உணரிகளே காரணம். இந்த உணர்வும் தாடைத் தசைகளின் உணர்வும் ஐந்தாவது மூளை நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குச் செல்கின்றன. உட்காதிலிருந்து வரும் சமநிலைச் செய்திகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன, கழுத்திலிருந்து வரும் நரம்புகளுடனும் அங்கே தொடர்பு உண்டு. ஒருவர் பெரிய கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது கவனித்துப் பாருங்கள்: தாடை கீழே இறங்கும் அதே நேரத்தில் தலை சற்றே பின்னால் சாயும்.

தாடைக்கும் காலுக்கும்கூடத் தொடர்பு இருப்பது புதிய செய்தி அல்ல. முழங்காலுக்குக் கீழே தட்டியதும் கால் தானாக உதைக்கும் அனிச்சைச் செயலைச் சோதிக்கும்போது விரல்களைக் கோத்து இழுக்கவோ பல்லை இறுகக் கடிக்கவோ மருத்துவர் சொல்வது, 1880களில் ஹங்கேரிய மருத்துவர் எர்னோ யெந்திராசிக் விவரித்த உத்தியின் வழிவந்தது. பல்லை இறுகக் கடிக்கும்போது கெண்டைக்கால் தசையின் அனிச்சையும் வலுப்பெறுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996இல் அளந்து காட்டினார்கள்.

ஆனால் நாம் நிமிர்ந்து நிற்பதில் கண், உட்காது, பாதம், மூட்டுகள் ஆகியவற்றின் பங்கே பெரிது. கண்ணை மூடிக்கொண்டு நிற்பது போன்ற கடினமான நிலைகளில் தாடையின் பங்கு கொஞ்சம் தென்படுகிறது. கண்ணைத் திறந்தால் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆய்வு முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே முதுகுவலிக்காக நல்ல பற்களை ராவிக் கடியை மாற்றிக்கொள்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பல்லின் எனாமல் ஒருமுறை போனால் மீண்டும் வளராது.

இந்தத் தொடர்பை நாம் உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டிய இடம் முதுமைதான் என்பது என் கருத்து. ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், 20 பற்களோ அதற்கு மேலோ உள்ளவர்களைவிட, 19 அல்லது அதற்குக் குறைவான பற்களோடு பல்செட்டும் அணியாதவர்கள் அடிக்கடி விழும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்காக இருந்தது. பற்கள் குறைந்தும் பல்செட் அணிந்தவர்களிடம் அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்திருந்தது. பல் இல்லாதவர்கள் சரியாகச் சாப்பிடாமல் தசை வலுவை இழந்திருக்கலாம் என்பதால் இதைக் கடியின் வேலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தத்தக்க செய்தி அல்ல.

என் பெரியம்மா தம் பல்செட்டை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுவைத்து, கல்யாண வீடுகளுக்கு மட்டுமே மாட்டிக்கொண்டு போவார். கேட்டால், கீழ்ச்செட் ஈறில் குத்துகிறது என்பார். பல் மருத்துவர் நீலக் காகிதம் ஒன்றைப் பற்களுக்கு நடுவே வைத்து, "கடிங்கம்மா, இன்னொரு தடவை கடிங்க" என்றார். வலப்புறக் கடைவாய்ப்பல்லில் மட்டும் அழுத்தமான நீலப்புள்ளி விழுந்தது, இடப்புறத்தில் நிறமே படியவில்லை. அந்தப் புள்ளியைச் சிறிது சிறிதாகத் தேய்த்து இருபுறமும் ஒன்றுபோலப் படியச் செய்ததும் குத்தல் நின்றது. இப்போது பகல் முழுவதும் அணிகிறார்; வேர்க்கடலைகூடச் சாப்பிடுகிறார்.

வீட்டில் பெரியவர்கள் தடுமாறி விழுந்தால் கண்பார்வை, இரத்த அழுத்த மாத்திரை, குளியலறைத் தரை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அதோடு வாயையும் பார்த்துவிடுங்கள். பல் போன இடத்தில் தாடையெலும்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போவதால், முன்பு கச்சிதமாக இருந்த பல்செட்டும் நாளடைவில் தளர்ந்து ஆடத் தொடங்கும். ஆகவே வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை அதை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.