நிக்கான் எஃப்3-ஐ அதன் பூட்டுகள் வழியாகப் பழகினேன்

பழைய நிக்கான் எஃப்3 ஒன்று கையேடு இல்லாமல் என் கைக்கு வந்தது. 1980-இல் வெளியான கேமரா. வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜுஜாரோ. பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் எதைத் தொட்டாலும் ஒரு பூட்டு. ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்துகொள்ளும் 'ஏ' நிலையில் ஷட்டர் டயல் நின்றால், நடுவில் இருக்கும் பொத்தானை அழுத்தாமல் திரும்பாது. எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவை, கூட்டிக் குறைக்கும் திருத்த வளையத்துக்குத் தனியாக ஒரு பொத்தான். பின்கதவைத் திறக்க, ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்டு குமிழை மேலே இழுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உள்ள சிறு லீவரையும் நகர்த்த வேண்டும்.

இந்தப் பூட்டுகளை வைத்தே கேமராவைப் புரிந்துகொண்டேன். கைதவறி நகர்ந்தால் படம் கெடும் என்கிற இடங்களில்தான் அவை இருக்கின்றன. கூட்டத்தில் இடிபட்டபடி படமெடுப்பவர்களும் பயன்படுத்தும் கேமரா அல்லவா! லென்ஸின் துளையை மாற்றும் அபர்ச்சர் வளையமும் ஃபோகஸ் வளையமும் ஓயாமல் திருப்ப வேண்டியவை, அவற்றுக்குப் பூட்டே கிடையாது. அதனால் முதலில் பூட்டில்லாதவற்றை மட்டும் பழகினேன்.

ஃபிலிம் போடாமல், கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் பயிற்சி செய்தேன். இப்படிப் பழகுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எத்தனையாவது படம் என்று காட்டும் ஃபிலிம் எண்ணி 1-ஐத் தொடும்வரை 'ஏ'-வில் ஷட்டர் 1/80 நொடியில்தான் இயங்கும். கேமரா பழுது என்று பயப்பட வேண்டாம். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஃபிலிமைச் சுற்றும்போது, இருட்டைப் பார்த்து ஷட்டர் பல நொடிகள் திறந்தே கிடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

எனக்கு அதிக நேரம் பிடித்தது லென்ஸுக்குப் பக்கத்தில் முன்புறம் இருக்கும் பொத்தான்கள்தான். மேலே உள்ளதை அழுத்தினால் எவ்வளவு ஆழம் ஃபோகஸில் இருக்கும் என்று தெரியும். கீழே உள்ளது எக்ஸ்போஷரைப் பிடித்துவைக்கும். இந்த இரண்டாவது பொத்தான்தான் எஃப்3-இன் உயிர் என்பேன். இந்தக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர், வியூஃபைண்டர் திரையின் நடுவில் இருக்கும் 12 மி.மீ. வட்டத்துக்கு 80 சதவீத மதிப்புக் கொடுக்கிறது. ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தால், வட்டத்தை அவர் முகத்தில் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, அப்புறம் சட்டகத்தை நகர்த்தி ஷட்டரைத் தட்டினால் போதும். ஆள்காட்டி விரல் ஷட்டரில் இருக்கும்போதே நடுவிரல் தானாக அங்கே போகிறது. திருத்த வளையத்தை இப்போது நான் தொடுவதே அரிது. திருப்பினால் மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர நினைவு வேண்டும்.

எக்ஸ்போஷரைப் பிடித்துவைக்கும் பொத்தானைச் சுற்றியிருக்கும் லீவர் பேட்டரி தீர்ந்தால் உதவும். மின்சாரமே இல்லாமல், ஏறத்தாழ 1/60 நொடியில் ஷட்டரை இயக்கும். வியூஃபைண்டர் எண்களுக்கு வெளிச்சம் தரும் சிவப்புப் பொத்தானைப் பற்றி மட்டும் எனக்கு நல்ல வார்த்தை இல்லை. சின்னதாக, கடினமாக, இருட்டில் கைக்கு அகப்படாத இடத்தில் இருக்கிறது.

சரி, ஃபிலிம் போடும்போது ஒரு விஷயம். உருளையில் இருக்கும் குறியீட்டை இந்தக் கேமரா படிக்காது. ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணை நாமே வைக்க வேண்டும். உள்ளே என்ன ஃபிலிம் என்று தெரிய, அதன் அட்டைப்பெட்டியின் நுனியைக் கிழித்துப் பின்கதவில் அதற்காகவே இருக்கும் சட்டத்தில் செருகிவிடுகிறேன்.