நம்ம ஊரில் எடுத்த படம்

போன மாதம் செட்டிநாட்டில் எங்கள் ஊரான கானாடுகாத்தானில் ஆயா (பாட்டி) வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தத் தடவை சின்ன புரொஜெக்டரையும் புளூரே பிளேயரையும் காரில் போட்டுக்கொண்டு போனேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவரில் நேராகப் படம் போட முடியாது, பளபளப்பில் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். அதனால் பட்டாலையில், அதாவது தூண் வைத்த கூடத்தில், இரண்டு தூணுக்கு நடுவே ஒரு எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டினேன். ஆயா தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். நான் போட்டது சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்', 1958இல் வந்தது.

ஏன் அந்தப் படம் என்றால், அந்த வீட்டில் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. சொத்தெல்லாம் கரைந்துபோன ஒரு ஜமீன்தார், கூரை உயர்ந்த ஒரு பெரிய மாளிகை, பூட்டிக் கிடக்கும் சங்கீத மண்டபம், மிச்சம் இருப்பதையும் விற்று ஒரே ஒரு கச்சேரி வைக்கிறார். ராய் அதை எடுத்தது முர்ஷிதாபாத் பக்கம் நிம்திதா என்ற ஊரில் இருந்த நிஜமான ஜமீன் வீட்டில். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீடு அப்படிப் பூட்டிக் கிடக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைப்பு வைக்கும்போது மட்டும் திறக்கிற வீடுகள். ஆயாவுக்கு வங்காளமும் தெரியாது, கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தும் படிக்க வராது, நான் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன், பாதிக்கு மேல் அவருக்கு நான் சொல்லத் தேவைப்படவில்லை. பூட்டிக் கிடந்த மண்டபத்தைத் திறந்து தூசு தட்டுகிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜமீன்தாரின் ஓவியத்தின் மேல் சிலந்தி ஊர்கிற இடத்தில், "இப்படித்தான்யா ஆகிப்போகும் கவனிக்காம விட்டா" என்றார். அந்தச் சிலந்தியின் கால் ஒவ்வொன்றும் வேட்டித் திரையில் தனித்தனியாகத் தெரிந்தது. பழைய நல்ல படங்களை டிஸ்க்காக வெளியிடுகிற அமெரிக்கக் கம்பெனியான கிரைட்டீரியன் 2011இல் வெளியிட்ட புளூரே அது.

படம் முடிந்ததும் ஆயா கேட்டார், "நம்ம ஊருல எடுத்த படம் ஒண்ணு இருக்குமே, பாரதி பாட்டெல்லாம் வருமே, அது இருக்கா உன்கிட்ட?"

இருந்தது. 'நாம் இருவர்'. காரைக்குடிக்காரரான ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் யுத்த காலத்தில் சென்னையை விட்டு நம் ஊருக்கே வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையில் ஸ்டுடியோ போட்டு எடுத்த படம். 1947 ஜனவரியில் வெளிவந்தது, அதாவது சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னால். டி.கே. பட்டம்மாள் குரலில் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று குமாரி கமலா ஆடுகிற அந்தப் பாட்டை மக்கள் தியேட்டரில் கேட்டபோது இன்னும் வெள்ளைக்காரன் ஆட்சிதான் நடந்துகொண்டிருந்தது. அதை நினைத்தாலே எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செடுக்கும். 1948இல் ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. ஆயாவுக்கு அந்தப் படம் எடுக்கும்போது ஏழோ எட்டோ வயது, அவருடைய அண்ணன் சைக்கிளில் உட்காரவைத்துக் கொட்டகைவரைக்கும் கூட்டிப்போனாராம். உள்ளே விடவில்லை, வெளியே நின்று பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டுவிட்டு வந்தார்களாம்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய விசிடி. போட்டேன். விசிடி என்பது குறுக்கே 352, மேலே கீழே 288 புள்ளிகள்தான், அதை எட்டு முழ வேட்டியில் விரித்தால் என்ன ஆகும்? கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் சாம்பலாக ஒரு கலங்கல். ஆடுகிற பெண்ணின் கை தெரிகிறது, விரல் தெரியவில்லை. பாட்டு ஏதோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. ஆயா கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "ஏய்யா, அந்த வங்காளத்துப் படத்துல பூச்சி கால் தெரியுது, நம்ம ஊருப் படத்துல முகமே தெரியலையே."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இந்தப் பதிவு அதற்கான பதில்தான்.

நான் டிஸ்க் வாங்க ஆரம்பித்தது 2007 வாக்கில். மோசர் பேர் கம்பெனிக்காரர்கள் 34 ரூபாய்க்கு டிவிடி விட்ட காலம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன், படம் தெளிவா இல்லையா என்பதெல்லாம் அப்போது கணக்கிலேயே இல்லை, கையில் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். பல டிவிடிகளில் அகலத் திரை டிவிக்கு ஏற்ற மாதிரி பழைய படத்தை மேலேயும் கீழேயும் வெட்டியிருப்பார்கள், சிவாஜியின் நெற்றி பாதியோடு நின்றுவிடும், நாட்டியம் என்றால் கால் இருக்காது. அப்போது அது தப்பு என்றுகூட எனக்குத் தெரியாது.

கண் திறந்தது, அப்பு என்ற பையனின் கதையைச் சொல்கிற ராயின் மூன்று படங்களால்தான். அந்த நெகட்டிவ்களின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு நான் டிஸ்க்கைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. 1993இல் லண்டனில் ஒரு பிலிம் லேபில் தீப்பிடித்து அந்தப் படங்களின் மூல நெகட்டிவ்கள், அதாவது கேமராவில் ஓடிய அசல் பிலிம்கள், கருகிப்போயின. குப்பை என்று யாரும் தூக்கிப் போடவில்லை. எரிந்த சுருள்களை அமெரிக்காவில் ஆஸ்கார் அகாடமியின் ஆவணக் காப்பகம் அப்படியே எடுத்து வைத்திருந்தது. இருபது வருஷம் கழித்து இத்தாலியில் பொலோன்யாவில் இருக்கிற ஒரு பிலிம் மீட்புக் கூடத்தில், அப்பளம் மாதிரி நொறுங்குகிற அந்தச் சுருளை ரசாயனத்தில் பதப்படுத்தி இளகவைத்து, ஓரத்தில் இருக்கிற ஓட்டைகளைக் கையாலேயே திரும்பக் கட்டி, உருகி ஒட்டிய பசையைச் சுரண்டி, கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம் கைவேலை மட்டுமே செய்தார்கள். அப்படியும் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதம், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் மூல நெகட்டிவில் இருந்து மீட்க முடிந்தது. மூன்றாவது படத்தின் நெகட்டிவ் ஒன்றுக்கும் ஆகவில்லை. மிச்சத்தை வேறு நல்ல பிரதிகளில் இருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015இல் டிஸ்க் வந்தது. துர்காவும் அப்புவும் ரயில் பார்க்க ஓடுகிற இடத்தில் அந்த நாணல் பூ ஒவ்வொன்றும் அசைவதைப் பார்த்தபோது, ஒரு தீயைத் தாண்டி வந்த பூ இது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

மீட்டெடுப்பது வேறு, புதுசாக்குவது வேறு. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். செட்டிநாட்டுச் சுவரை எப்படிக் கெடுக்கிறார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று பல பூச்சு பூசி இழைத்த சுவர் மேல், பழசாகத் தெரிகிறது என்று எமல்ஷன் பெயின்டை அடிக்கிறார்கள். முதல் வருஷம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, நூறு வருஷம் நின்ற பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். கை தெரிந்த கொத்தனார் அப்படிச் செய்ய மாட்டார், மேலே ஏறியிருக்கிற அழுக்கை மட்டும் எடுப்பார், விரிசலில் அதே சுண்ணாம்பை வைப்பார்.

படத்திலும் அதேதான். பிலிமில் வெள்ளித் துகள்களால் ஆனதுதான் காட்சி, திரையில் பார்க்கும்போது மெல்லிய மணல் அசைகிற மாதிரி ஒன்று தெரியும், கிரெயின் என்பது அதுதான். அது அழுக்கு இல்லை, அதுதான் படமே. சில கம்பெனிகள் கம்ப்யூட்டரில் அந்தக் கிரெயினை மொத்தமாக வழித்துவிடுகிறார்கள், கூடவே தோலின் சுருக்கமும் பருத்திப் புடவையின் நெசவும் போய்விடும், முகம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும். இப்போது ஏஐ வைத்து '4கே' ஆக்கியது என்று யூடியூபில் வருவதில் பாதி இப்படித்தான், அந்த நடிகைக்கு இல்லாத கண்ணிமையை அது கற்பனையில் வரைந்து வைக்கிறது. தயவுசெய்து அதை ரெஸ்டோரேஷன், அதாவது மீட்டெடுப்பு, என்று சொல்லாதீர்கள். இரண்டு மணி நேரப் படம் என்றால் 1,72,800 பிரேம், அதாவது அத்தனை தனித்தனிப் படங்கள். நல்ல கூடத்தில் ஒவ்வொரு கீறலையும் ஆள் உட்கார்ந்து பார்த்து, பக்கத்துப் பிரேமில் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டு, கீறலை மட்டும் எடுப்பார்கள்.

வாங்குவதில் உள்ள கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். புளூரேயில் உலகத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பா பி, நாம் சி. அமெரிக்காவில் இருந்து வருகிற கிரைட்டீரியன் டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. எந்தப் பகுதி டிஸ்க்கும் ஓடுகிற ரீஜன் ஃப்ரீ பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடித்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் பார்ப்பது என்றால் பிளேயர் சாஃப்ட்வேரில் ரீஜனைச் சில தடவைதான் மாற்றலாம், அதற்கு மேல் பூட்டிக்கொள்ளும், நான் முதல் வாரத்திலேயே நாலு தடவையை முடித்துவிட்டேன். 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. அப்புறம் விலை, அதற்கு மேல் சுங்க வரி, நான் பெரும்பாலும் யாராவது சிங்கப்பூரில் இருந்தோ அமெரிக்காவில் இருந்தோ கல்யாணத்துக்கு வரும்போது பெட்டியில் ஓரமாகப் போட்டு எடுத்துவரச் சொல்லிவிடுவேன். ஒருமுறை வெளிநாட்டுக் கடை ஒன்று ஆறு டிஸ்க்கை வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பி, இரண்டு விரிசலோடு வந்தது, பணமும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அட்டைப்பெட்டியில் அனுப்புகிற கடைதானா என்று விசாரித்த பிறகுதான் வாங்குகிறேன். வைப்பது ஆயா வீட்டு இரண்டாம் கட்டு அறையில். சுவர் அவ்வளவு தடிமன் என்பதால் சித்திரை வெயிலிலும் அங்கே குளுகுளுவென்று இருக்கும். நட்டுக்குத்தலாக அடுக்கி, மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வைக்கிறேன்.

சரி, ஆயா கேள்விக்கு வருகிறேன். நம்மிடம் ஆள் இல்லை, கூடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஐந்து லட்சம் குஜராத் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு ஷியாம் பெனகல் 1976இல் எடுத்த 'மந்தன்' படத்தை மும்பையில் இருக்கிற ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டது, 2024இல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள், அந்த வேலையில் ஒரு பகுதி நடந்ததே சென்னையில், பிரசாத் கூடத்தில். உதய் சங்கர் 1948இல் எடுத்த 'கல்பனா' சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் படமானது, சின்னப் பெண்ணாகப் பத்மினி அதில் ஆடியிருக்கிறார், ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பு அதை மீட்டு, இன்று கிரைட்டீரியன் பெட்டி ஒன்றில் ஆப்பிரிக்க, ஈரானியப் படங்களோடு சேர்ந்து என் அலமாரியில் இருக்கிறது. 'நாம் இருவர்' வந்த அடுத்த வருஷத்துப் படம் அது! அதே காலத்துப் பிலிம், அதே தமிழ்நாட்டு வெயில். அது வைரம் மாதிரி இருக்கும்போது இது ஏன் கலங்கிக் கிடக்க வேண்டும்?

என் மனசுக்குப் படுகிற காரணம் ஒன்றுதான். படத்தை நாம் கதையாகவும் பாட்டாகவும் வைத்துக்கொண்டோம், பொருளாக வைத்துக்கொள்ளவில்லை. பித்தளைக் குத்துவிளக்குக்கு இத்தனை சேர் எடை என்று சீர் நோட்டில் எழுதி வைத்த ஊர் இது, ரங்கூனில் இருந்து வந்த பீங்கான் தட்டை மூன்று தலைமுறையாகத் துணி சுற்றிப் பெட்டகசாலையில் வைத்திருக்கிற ஊர். பிலிமுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஓட்டம் முடிந்த பிரிண்டுகளை அதில் இருக்கிற வெள்ளிக்காகக் கிலோக் கணக்கில் விற்றிருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில், பிலிம் சுருள் வைக்கிற தகர டப்பா ஏழு அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். மூடியில் மங்கலாகத் தமிழில் 'ரீல் 4' என்று எழுதியிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒரே காடி நாத்தம் தம்பி, தூக்கிப் போட்டுட்டோம், டப்பா மட்டும் வேணும்னா எடுத்துக்கங்க, ஓட்டல்காரங்க அலங்காரத்துக்கு வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். பிலிம் கெட ஆரம்பிக்கும்போது அப்படித்தான் புளித்த வாடை அடிக்கும். வாடை அடித்தாலும் அதில் இருந்து படம் எடுக்க முடியும், பல சமயம் முடிந்திருக்கிறது. எந்தப் படத்தின் நாலாவது ரீலோ அது, யாருக்கும் தெரியாது.

அதனால் இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு, முக்கியமாகத் தாத்தா காலத்தில் தியேட்டரோ படக் கம்பெனிப் பங்கோ வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்மாடி அறையில், மச்சில், பழைய கணக்குப் புத்தகங்களுக்குப் பின்னால் அப்படி ஒரு டப்பா இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். விளக்கோ பீடியோ பக்கத்தில் வைத்துத் திறக்காதீர்கள், 1950களின் தொடக்கம் வரைக்கும் வந்த பிலிம் பல, சுலபமாகத் தீப்பிடிக்கிற நைட்ரேட் வகை, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பிரித்து ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, புனேயில் இருக்கிற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ மும்பை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் கீழே கமெண்டில் சொல்லுங்கள், நானே வந்து டப்பாவைப் பார்த்து, மூடியில் இருப்பதைக் குறித்துக்கொண்டு எழுதித் தருகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், எங்கே என்றாலும் வருவேன்.

ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருடைய அண்ணன் வீட்டு மச்சில் ஏதோ தகர டப்பா இருந்ததாக ஞாபகம் என்கிறார், சாவி கோயம்புத்தூரில் இருக்கிற பங்காளி ஒருவரிடம் இருக்கிறதாம். ஆடியில் படைப்புக்குத் திறக்கும்போது நான் டார்ச்சோடு போகிறேன்.